எண்டோஸ்கோப்பி அறையில் நிரப்பும் சின்ன டப்பா: சேலம் மாவட்ட மருத்துவ நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர் அவர்கள், மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள், சேலத்தில் எண்டோஸ்கோப்பி செய்யும் மருத்துவர்கள், பயாப்சி பார்க்கும் ஆய்வகங்கள், மருந்துக் கடை நடத்துவோர்.

வணக்கம்.

ஏற்காட்டிலோ அயோத்தியாப்பட்டணத்திலோ ஒருவர் வயிற்றெரிச்சல் என்று வந்தால், பெரும்பாலும் அது அசிடிட்டியாகவோ சாதாரண அல்சராகவோதான் இருக்கும். அபூர்வமாகத்தான் புற்று. அந்தப் புற்றிலும் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படாத பங்குதான் இந்த மடலின் விஷயம்: இரைப்பை லிம்போமா. சுரப்பிச் செல்லில் பிறக்கும் வழக்கமான இரைப்பைப் புற்று இல்லை இது. நோயெதிர்ப்பு வேலை பார்க்கும் பி-லிம்போசைட் என்ற வெள்ளையணுவில் பிறந்து இரைப்பைச் சுவருக்குள்ளேயே வளர்வது. அதில் வேகமாகப் பெருகும் வகைக்கு டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் லிம்போமா என்று பெயர். ரிப்போர்ட்டில் டிஎல்பிசிஎல் என்று சுருக்கி எழுதியிருப்பார்கள்.

இவ்வளவு அபூர்வமான ஒன்றுக்கு மாவட்ட நிர்வாகத்துக்கு மடல் எதற்கு என்று கேட்கலாம். இது குணமாகிற நோய் என்பதால்தான். முறையாக மருந்து ஏற்றினால் பத்தில் ஆறு பேராவது முழுதாகத் தேறுகிறார்கள். இரைப்பையைத் தாண்டாமல் இருக்கும்போது பிடித்தால் அந்தக் கணக்கு இன்னும் மேலே போகும். மருந்தும் எட்டாத தூரத்தில் இல்லை. இந்த நோய்க்கான முக்கிய மருந்தான ரிட்டுக்சிமாப் 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2007இலேயே ஹைதராபாத் நிறுவனம் ஒன்று அதற்கு இணையான மருந்தை இங்கேயே தயாரித்து விற்கத் தொடங்கிவிட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழி இருக்கிறது. அப்படியிருந்தும் நோயாளி மருந்துக்கு வந்து சேர்வதற்குள் வாரங்கள் கரைகின்றன. எங்கே கரைகின்றன என்று தேடினால், பெரும்பாலும் எண்டோஸ்கோப்பியில், அதாவது வாய்வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும்போது, பயாப்சிக்காகக் கிள்ளியெடுப்பதைப் போடும் அந்தச் சின்ன டப்பாவில் போய் நிற்கிறது. அரிசிக் குருணை அளவு சதைத்துண்டை எந்த இடத்திலிருந்து எடுத்தார்கள், எத்தனை எடுத்தார்கள், எந்தத் திரவத்தில் போட்டார்கள், கூட என்ன எழுதி அனுப்பினார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் மருந்துக் கடைகளுக்கு ஒரு வார்த்தை.

வயிற்றுவலி என்று வருபவருக்கு ஒமிப்ரசோல், பேண்டோபிரசோல் வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் கொடுப்பது பழக்கமாகிவிட்டது. அமிலத்தைக் குறைத்தால் புற்றுப்புண் கூட மேலே கொஞ்சம் ஆறியது போலக் காட்டும், வலியும் தணியும். நோய் சுவருக்குள் தன்பாட்டுக்கு வளரும். இதைவிட மோசம் செட் மாத்திரை. காகிதத்தில் மடித்து, வேளைக்கு ஒரு பொட்டலம் என்று கொடுப்பார்களே, அதுதான். அதில் ஒரு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, கூடவே பொடிசாக ஒரு மாத்திரை இருக்கும். அந்தப் பொடிசு பெரும்பாலும் டெக்சாமெதசோன் அல்லது பீட்டாமெதசோன், அதாவது ஸ்டீராய்டு. லிம்போமா செல்களை ஸ்டீராய்டு நேரடியாகவே சாகடிக்கும்; அதனால்தான் இந்த நோயின் சிகிச்சையிலேயே பிரட்னிசோலோன் இருக்கிறது. பயாப்சிக்கு முன்னால் அது உள்ளே போனால் சில நாளிலேயே கட்டி சுருங்கும், பசி எடுக்கும், நோயாளி அந்தக் கடைக்காரரைக் கைராசிக்காரர் என்பார். பிறகு எடுக்கும் பயாப்சியில் செத்த செல்களும், ஊருக்குப் பொதுவான சின்ன லிம்போசைட்டுகளும்தான் தெரியும். ‘நாட்பட்ட அழற்சி’ என்று ரிப்போர்ட் வரும். அதை நம்பி வீட்டுக்குப் போனவர் ஒன்றிரண்டு மாதத்தில் பழையதைவிடப் பெரிய கட்டியோடு திரும்புவார்.

ஸ்டீராய்டு ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் அதற்காக நோயாளியைத் திட்ட வேண்டியதில்லை. என்ன மாத்திரை, எத்தனை நாள், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்பதைப் பயாப்சிப் படிவத்தில் எழுதினால் போதும். மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவர் அதற்கேற்பக் கவனமாகப் படிப்பார். ஆஸ்துமா, மூட்டுவாதம் என்று நெடுநாளாக ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு மட்டும் அதைத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது.

யாரை உடனே ஸ்கோப்புக்கு அனுப்புவது? ஆரம்ப சுகாதார நிலையத்திலும், வீடு தேடிப் போகும் மக்களைத் தேடி மருத்துவப் பணியாளர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். இரண்டு கவளம் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பிவிட்டது என்பவர், சாப்பிட்டது நிற்காமல் வாந்தி எடுப்பவர், ஆறு மாதத்தில் எடையில் பத்தில் ஒரு பங்கு இழந்தவர், இரவில் துணி நனைய வியர்ப்பவர், ஹீமோகுளோபின் காரணம் தெரியாமல் இறங்கிக்கொண்டே போகிறவர். கறுப்பு மலம் பற்றிக் கேட்கும்போது ஒரு குழப்பம் வரும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், ஆனால் அது கெட்டியாக, கரும்பச்சை சாயலோடு இருக்கும். ரத்தம் கசிந்து வரும் மலம் தார் மாதிரி பிசுபிசுக்கும், தண்ணீர் ஊற்றினாலும் பீங்கானில் ஒட்டிக்கொண்டு நிற்கும், நாற்றமும் தனி. ‘கறுப்பாகப் போகுதா’ என்று மட்டும் கேட்காமல் ‘தார் மாதிரி ஒட்டுதா’ என்று கேட்டால் பதில் சரியாக வரும்.

மலையிலிருந்து வருபவர்களுக்கு ஸ்கோப் நேரம் குறிப்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம் பக்கத்திலிருந்து வருபவருக்குக் காலை 8 மணிக்கு நேரம் கொடுத்தால், முந்தின இரவே இறங்கிவந்து பஸ் நிலையத்தில்தான் படுக்க வேண்டும். காப்பித் தோட்டத்தில் நாள்கூலிக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் கூலி இழப்பை இரண்டு நாள் இழப்பாக்கும். பலர் வராமலே இருந்துவிடுவார்கள். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வெறும் வயிறு என்பதுதான் தேவை. 11 மணி என்று குறித்தால் விடியலில் கிளம்பி வந்துவிடலாம். ஏற்காடு அரசு மருத்துவமனையிலிருந்து போன் செய்தாலே இந்த நேரத்தை ஒதுக்கித் தரும் ஏற்பாடு ஒன்று செய்யுங்கள்.

இனி எண்டோஸ்கோப்பி செய்யும் மருத்துவர்களுக்கு. உங்களுக்குத் தெரியாததைச் சொல்லவில்லை. அவசரத்தில் விட்டுப்போவதைத்தான் எழுதுகிறோம்.

இந்த நோய் மூன்று முகத்தில் தெரியும். பெரிய, ஒழுங்கற்ற விளிம்புள்ள புண்ணாக இருக்கலாம். உள்ளே துருத்தும் கட்டியாக இருக்கலாம். அல்லது இரைப்பையின் மடிப்புகள் விரல் தடிமனுக்குத் தடித்து, காற்று ஊதியும் விரியாமல் நிற்கலாம். மூன்றாவதுதான் ஏமாற்றும். மேல்தோல் முழுசாக இருக்கும், கீழேயுள்ள அடுக்கில்தான் லிம்போமா படர்ந்திருக்கும். மேலோட்டமாக ஒரு கிள்ளு கிள்ளினால் நல்ல சவ்வுதான் வரும். அங்கே ஒரே இடத்தில் கடித்த பள்ளத்துக்குள்ளேயே மறுபடி இரண்டு மூன்று முறை கடித்து ஆழத்துக்குப் போக வேண்டும். அதிலும் கிடைக்காவிட்டால் கம்பி வளையத்தால் கொஞ்சம் பெரிய துண்டாக வெட்டியெடுப்பது, அல்ட்ராசவுண்ட் ஸ்கோப் வைத்து ஊசியால் எடுப்பது என்று அடுத்த படிகள் இருக்கின்றன. மேலே புண்ணாக இருந்தால் நடுவிலுள்ள வெள்ளைப் படலத்தைக் கிள்ளிப் பயனில்லை, அது வெறும் அழுகல். விளிம்பின் உட்பக்கத்தில் நாலு திசையிலும் எடுங்கள், அடித்தளத்திலும் ஒன்றிரண்டு.

எத்தனை துண்டு? இரண்டு துண்டு போதும் என்ற பழக்கம் இந்த நோய்க்கு உதவாது. சந்தேகப்படும் இடத்திலிருந்து மட்டுமே எட்டிலிருந்து பத்து துண்டு வேண்டும். ஒவ்வொன்றும் 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான், அதிலும் பாதி நசுங்கியிருக்கும். லிம்போமா செல்கள் மற்றப் புற்றுச்செல்களைப் போல ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை இல்லை. ஃபோர்செப்ஸ் (சதையைக் கிள்ளும் இடுக்கி) அழுத்தினால் மசி இழுத்தது போலச் சிதறும். ஸ்லைடில் நீலக் கோடுகளாகத்தான் தெரியும். பல் மழுங்கிய ஃபோர்செப்ஸ் வெட்டாமல் பிய்க்கும், அப்போது இது இன்னும் மோசம். துண்டைக் கடித்தவுடன் ஊசி முனையால் மெல்ல எடுத்துத் திரவத்தில் விடுங்கள். டிஷ்யூ பேப்பரில் தட்டி உதறாதீர்கள். இது போக, பார்வைக்கு நன்றாக இருக்கும் இடங்களான இரைப்பையின் நடுப்பகுதி, கீழ்ப்பகுதி, உணவுக்குழாய் சேருமிடம், டியோடினம் (சிறுகுடலின் தொடக்கம்) ஆகியவற்றிலும் ஒவ்வொரு டப்பாவில் தனித்தனியாக எடுங்கள். நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்ற இரண்டுக்கும் அதில் விடை கிடைக்கும். நோயாளி அமிலம் குறைக்கும் மாத்திரையில் இருந்தால் யூரியேஸ் சோதனை கிருமி இல்லை என்று தவறாகக் காட்டலாம். இரண்டு வாரம் நிறுத்திய பின் எடுத்ததுதான் கணக்கு.

டப்பாவுக்கு வருவோம்.

அதில் இருக்க வேண்டியது சதையைக் கெடாமல் பதப்படுத்தும் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின். இதைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை விட்டாலே பாதிக் கஷ்டம் தீரும். சலைனில் போட்ட துண்டு தன் நொதிகளாலேயே கரையத் தொடங்கும். ஸ்பிரிட்டில் போட்டால் சுருங்கி விறைத்து, பிறகு ஏற்றும் நோயெதிர்ப்புச் சாயங்கள் சரியாகப் பிடிக்காது. கடையில் வாங்கிய ஃபார்மலினை அப்படியே நீர்க்காமல் ஊற்றுவதும் நடக்கிறது. அது வெளிப்புறத்தை உடனே இறுக்கிவிடும், உள்ளே பதப்படாமலே நிற்கும். செய்முறை எளிது: கடை ஃபார்மலின் 100 மில்லி, காய்ச்சி வடித்த நீர் 900 மில்லி, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். உப்பு இரண்டையும் சேர்க்காவிட்டால் திரவம் நாளடைவில் அமிலமாகி, திசுவில் பழுப்புப் பொடியாகப் படியும். திரவத்தின் அளவு துண்டைப் போலப் பத்து மடங்காவது இருக்கட்டும். டப்பாவில் முக்கால் பாகம் நிரப்பினால் கணக்குப் பார்க்கவே வேண்டாம். மூடியின் உட்புறம் ஒட்டிக்கொண்டு காய்ந்துபோகும் துண்டு வாரத்துக்கு ஒன்றாவது இருக்கும்; மூடிய பிறகு ஒரு தட்டு தட்டி, எல்லாம் உள்ளே மூழ்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பெயரை மூடியில் எழுதாதீர்கள். ஆய்வக மேசையில் பத்து மூடியைக் கழற்றி வைத்தால் எது எதனுடையது என்று யார் சொல்வது?

ஃபார்மலினில் குறைந்தது 6 மணி நேரம், அதிகம் போனால் 72 மணி நேரம். இந்த 72 தான் சிக்கல். வெள்ளிக்கிழமை பிற்பகல் எடுத்த பயாப்சி, திங்கட்கிழமை அரசு விடுமுறை என்றால், செவ்வாய்க்கிழமைதான் ஆய்வகம் போகும். அதற்குள் கெடு தாண்டியிருக்கும். சந்தேகமுள்ள கேஸை வெள்ளி மதியத்துக்கு மேல் வைக்காதீர்கள், வைத்தாலும் அன்றே ஆய்வகத்தில் கையில் சேர்த்துவிடுங்கள். டப்பாவில் போட்ட நேரத்தை மணியோடு எழுதுங்கள்.

டப்பாவோடு போகும் படிவத்தில் ‘அல்சர், பயாப்சி’ என்று இரண்டே வார்த்தை எழுதினால், படிப்பவரும் இரண்டே வரியில் முடிப்பார். வயது, எத்தனை மாத உபாதை, எடை எவ்வளவு குறைந்தது, ஸ்டீராய்டு விவரம், எச்ஐவி நிலை, கழுத்தில் அக்குளில் கட்டி உண்டா, ஸ்கோப்பில் என்ன பார்த்தீர்கள், ‘லிம்போமா சந்தேகம்’ என்று நினைத்தால் அந்தச் சொல், எல்லாம் எழுதுங்கள். சந்தேகத்தைக் காகிதத்தில் எழுதக் கூச்சப்படுபவர்கள் இருக்கிறார்கள். தப்பாகப் போனாலும் ஒன்றும் குடிமுழுகாது. எழுதாமல் விட்டால் ஆய்வகத்தில் அந்தச் சாயமே ஏற்ற மாட்டார்கள்.

ஆய்வகத்தில் நடக்கும் பெரிய தவறு, டிஎல்பிசிஎல்லைப் ‘பூர்லி டிஃபரன்ஷியேட்டட் கார்சினோமா’, அதாவது சுரப்பி வடிவம் தெளியாத வழக்கமான புற்று, என்று எழுதிவிடுவது. சாதாரணச் சாயத்தில் இரண்டும் பெரிய, முரட்டுச் செல்களாகத்தான் தெரியும். அந்த ஒரு வரியை வைத்து நோயாளி நேரே அறுவை அறைக்குப் போகக்கூடும். சுரப்பி அமைப்பே தெளிவாகத் தெரியாத எந்தக் கேஸிலும் முதல் சுற்றிலேயே நான்கு சாயம் போடுங்கள்: சைட்டோகெரட்டின் (கார்சினோமாவைக் காட்டுவது), எல்சிஏ (வெள்ளையணுவை), சிடி20 (பி-லிம்போசைட்டை), சிடி3 (டி-லிம்போசைட்டை). லிம்போமா என்று தெரிந்த பிறகு அடுத்த சுற்று: சிடி10, பிசிஎல்6, மம்1, பிசிஎல்2, சி-மிக், சிடி5, சைக்ளின் டி1, கேஐ67, ஈபர். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கேட்டுப் பிளாக்கை (சதைத்துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியை) தீர்த்துவிடக் கூடாது. ஒவ்வொரு முறை வெட்டும் மெஷினில் பூட்டும்போதும் மேற்பரப்பைச் சமன்செய்வதற்கே பல வெட்டுகள் வீணாகும். எண்டோஸ்கோப்பித் துண்டில் அப்படி வீணாக்க ஒன்றுமில்லை. முதல் தடவை பூட்டும்போதே 15 வெற்று ஸ்லைடு வெட்டி எடுத்து வைத்துவிட்டால், அடுத்த சுற்றுக்கு மறுபடி பிளாக்கைத் தொட வேண்டாம். அனுபவமுள்ள டெக்னீஷியன்கள் இதைச் சொல்லாமலே செய்வார்கள். புதிதாக வருபவருக்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

சிடி20 நெகட்டிவ் என்றதும் லிம்போமா இல்லை என்று முடித்துவிடவும் கூடாது. பிளாஸ்மாபிளாஸ்டிக் என்ற கொடிய வகையில் சிடி20 இருக்காது, எல்சிஏ கூடப் பல நேரம் இருக்காது, சிடி138தான் காட்டிக்கொடுக்கும். எச்ஐவி உள்ளவர்களிடம் இதை நினைக்க வேண்டும்.

செல் பெருகும் வேகத்தைக் காட்டும் கேஐ67 கிட்டத்தட்ட 100 சதவீதம், பிசிஎல்2 இல்லை, சி-மிக் பலமாக இருக்கிறது என்றால் அது பர்கிட் லிம்போமாவாக இருக்கலாம். 1958இல் உகாண்டாவில் டெனிஸ் பர்கிட் குழந்தைகளிடம் விவரித்த அதே நோய், அபூர்வமாகப் பெரியவர்களின் இரைப்பையிலும் வரும். ஒன்றிரண்டு நாளில் இருமடங்காகும் வேகம் அதற்கு. அந்த ரிப்போர்ட்டை டைப் அடித்துக் கவுன்டரில் வைத்து, உறவினர் வந்து வாங்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஸ்லைடு பார்த்த அன்றே மருத்துவருக்குப் போன் போக வேண்டும். டிஎல்பிசிஎல்லுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஆர்-சாப் (ரிட்டுக்சிமாப்போடு இன்னும் நான்கு மருந்து சேர்ந்த கூட்டு) பர்கிட்டுக்குப் போதாது, முதுகுத்தண்டு நீரிலும் மருந்து ஏற்ற வேண்டும். ரத்தப் புற்றுத் துறை உள்ள பெரிய மையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும், அதுவும் அன்றைக்கே.

பிளாக்கை வெளியூர் ஆய்வகத்துக்கு நோயாளியின் மகனோ மருமகனோ பையில் போட்டுப் பஸ்ஸில் எடுத்துப்போகும் வழக்கம் நிற்க வேண்டும் என்று ஆட்சியர் அவர்களைக் குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறோம். பிளாக் என்பது மெழுகு. மே மாதத்துச் சேலம் வெயிலில், பஸ் ஜன்னலோரத்தில் வைத்த பையில் அது இளகும். போகட்டும், தொலைந்தால்? நோயாளியிடம் வேறு சதை இல்லை. அரசு மருத்துவமனைப் பிளாக்குகளைக் குளிர்ப் பொதியில் கூரியராக அனுப்பவும், ஐஎச்சி எனப்படும் இந்த நோயெதிர்ப்புச் சாயங்களுக்கான செலவைக் குடும்பத்தின் தலையில் வைக்காமல் நிர்வாகமே ஏற்கவும் ஒரு ஏற்பாடு வேண்டும். பணம் புரட்ட ஒரு வாரம், ஊருக்குப் போய்வர ஒரு வாரம் என்று இங்கேதான் பெரும்பகுதி நாள் கழிகிறது.

வயிற்றில் நெரிகட்டியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்ததுமே காசநோய் மாத்திரை தொடங்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. காசநோய் நம் ஊரில் மிகுதி என்பது உண்மை. ஆனால் கிருமியோ கிரானுலோமாவோ (காசநோயில் காணும் அழற்சி முடிச்சு) கையில் இல்லாமல் தொடங்கினால், இரண்டு மாதம் கழித்து ‘மருந்து கேட்கவில்லை’ என்று தெரியும்போது லிம்போமா நெஞ்சுக்கூடு வரை போயிருக்கும்.

நோய் உறுதியானதும் அறுவைக்கு எழுதிவிடாதீர்கள். மெக்சிகோவில் 589 நோயாளிகளை வைத்துச் செய்து 2004இல் வெளியான ஆய்வில், ஆரம்ப நிலையில் அறுவை மட்டும் பெற்றவர்களில் பத்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் பாதிக்குச் சற்று மேல். கீமோ மட்டும் பெற்றவர்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல். அது ரிட்டுக்சிமாப் சேர்க்காத காலத்துக் கீமோ. இரைப்பையை எடுத்துவிட்டால் சாப்பாடு குறையும், காயம் ஆறும் வரை கீமோ தள்ளிப்போகும், வாழ்நாள் முழுக்க பி12 ஊசி வேண்டும். ஓட்டை விழுந்தால், ரத்தம் நிற்காவிட்டால், வழி முற்றிலும் அடைத்தால் கத்தி எடுக்கலாம்.

சிகிச்சைக்கு முன் பார்க்க வேண்டியவற்றில் பெட் ஸ்கேன், எல்டிஎச், யூரிக் அமிலம், கிரியேட்டினின், எச்ஐவி, இதய எக்கோ ஆகியவை வழக்கமாக நடக்கின்றன. விட்டுப்போவது ஹெபடைடிஸ் பி-யின் கோர் ஆன்டிபாடி. மேற்பரப்பு ஆன்டிஜென் நெகட்டிவ் என்று வந்தாலும், பழைய தொற்று ஈரலில் உறங்கிக்கொண்டிருக்கலாம். ரிட்டுக்சிமாப் ஏற்றினால் அது எழுந்து ஈரலையே அழிக்கும். பாசிட்டிவ் என்றால் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரையைத் துணைக்குத் தொடங்கி, கடைசி ரிட்டுக்சிமாப்புக்குப் பின்னும் குறைந்தது ஓராண்டு தொடர வேண்டும்.

ஆர்-சாப் 21 நாளுக்கு ஒரு முறை. பொதுவாக ஆறு சுற்று, நோய் சிறிதாக இருந்தால் குறைக்கவும் வழியுண்டு. 155 சென்டிமீட்டர் உயரம், 52 கிலோ எடை உள்ளவரின் உடற்பரப்பு 1.5 சதுர மீட்டர் வரும். அவருக்கு ரிட்டுக்சிமாப் 562 மில்லிகிராம், சைக்ளோபாஸ்ஃபமைட் 1,125, டாக்ஸோரூபிசின் 75; வின்கிறிஸ்டின் கணக்குப்படி 2.1 வந்தாலும் உச்சவரம்பு 2. பிரட்னிசோலோன் தினம் 100 வீதம் ஐந்து நாள். ரிட்டுக்சிமாப் 500, 100 என்ற குப்பிகளில் வருவதால் 600 எடுக்கலாம். சிக்கனம் பார்த்து ஒரே 500இல் நிறுத்தினால் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். எடையை ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகப் பாருங்கள். இவர்கள் இளைத்து வருபவர்கள், மருந்து பிடித்ததும் மளமளவென்று எடை ஏறும்.

பிரட்னிசோலோனில் ஒரு கூத்து நடக்கும். 100 மில்லிகிராம் என்றால் 20 மில்லிகிராம் மாத்திரை ஐந்து. சீட்டைப் பார்க்கும் கடைக்காரர், சைபர் ஒன்று கூடிவிட்டது என்று நினைத்து 10 மில்லிகிராமாகக் கொடுத்துவிடுவார். சீட்டிலேயே ‘நூறு’ என்று எழுத்தாலும் எழுதி, ‘லிம்போமா சிகிச்சை, ஐந்து நாள் மட்டும்’ என்று குறித்துவிடுங்கள். காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு, அமிலம் குறைக்கும் மாத்திரையோடு. இப்போது அந்த மாத்திரை வேண்டும்.

முதல் ரிட்டுக்சிமாப் மெதுவாகத்தான் ஏறும். மணிக்கு 50 மில்லிகிராமில் தொடங்கி அரை மணிக்கு ஒரு முறை 50 கூட்ட வேண்டும். குளிர், காய்ச்சல், மூச்சுத் திணறல் வந்தால் நிறுத்திச் சரியானதும் பாதி வேகத்தில் தொடர வேண்டும். மற்ற மருந்துகளையும் சேர்த்தால் ஒரு பகல் முழுதும் போய்விடும். மலைக்குத் திரும்ப வேண்டியவரைப் பகல்நேரப் பிரிவில் முதல் ஆளாகப் படுக்கையில் போடுங்கள். முதல் சுற்றுக்கு மட்டும் இரவு தங்க வையுங்கள். கட்டி பெரிதாக இருந்தால் எப்படியும் தங்கத்தான் வேண்டும்: செல்கள் கூட்டமாகச் சாகும்போது பொட்டாசியமும் யூரிக் அமிலமும் ஏறிச் சிறுநீரகம் நின்றுவிடும். அலோபியூரினால், தாராளமான சலைன், ஒரு நாளைக்கு இரு முறையாவது ரத்தப் பரிசோதனை.

இரைப்பைக்கென்றே உள்ள ஆபத்து ஒன்று. சுவர் முழுதும் லிம்போமாவாக இருந்து, மருந்தில் அது வேகமாகக் கரைந்தால் அந்த இடம் ஓட்டையாகும், அல்லது ரத்தம் பீய்ச்சும். முதலிரண்டு சுற்றில்தான் இதற்குப் பயம் அதிகம். வயிறு பலகை மாதிரி விறைத்துத் திடீர் வலி வந்தால் அசிடிட்டி என்று நினைத்து ஜெல் குடித்துப் படுத்துவிடக் கூடாது என்பதை நோயாளியிடமும் வீட்டில் சமைப்பவரிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு எடுக்கும் நாட்களில் அந்த வலி மந்தமாகத்தான் தெரியும் என்பதையும்.

கடைசியாக, காய்ச்சல். கீமோ ஏற்றி ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளையணு தரையில் இருக்கும். அப்போது 101 டிகிரி ஃபாரன்ஹீட் ஒரு தடவை காட்டினாலும், 100.4 ஒரு மணி நேரம் நின்றாலும், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும். ஏற்காட்டிலிருந்து சேலம் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. தலைச்சோலையிலிருந்தோ மலையிலேயே உள்ள வேலூர் பஞ்சாயத்துக் குக்கிராமத்திலிருந்தோ ஏற்காடு வந்து சேரவே நேரம் பிடிக்கும். இறங்கிய பிறகு அவசரப் பிரிவில் வரிசை வேறு. அந்த ஒரு மணி நேரம் மலையிலேயே முடிந்துவிடும். ஆகவே ஏற்காடு மருத்துவமனையில் பைப்பராசிலின்-டாசோபேக்டம் 4.5 கிராம் குப்பிகள் எப்போதும் இருப்பில் இருக்கட்டும். நோயாளி வந்ததும் பென்சிலின் ஒவ்வாமை உண்டா என்று கேட்டு, ரத்தக் கல்ச்சர் பாட்டில் இருந்தால் எடுத்துக்கொண்டு, இல்லாவிட்டால் அதற்காகக் காத்திராமல், முதல் டோஸைப் போட்டுவிட்டு 108இல் ஏற்றுங்கள். பாராசிட்டமால் கொடுத்து ‘காலையில் பார்ப்போம்’ என்று அனுப்பிவிட்டால் காலையில் ரத்த அழுத்தம் பார்க்க முடியாத நிலையில் வருவார். கீமோவிலுள்ள ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு அட்டை இருக்க வேண்டும்: என்ன நோய், என்ன மருந்து, கடைசியாக ஏற்றிய தேதி, இந்த வெப்பநிலைக்கு மேல் போனால் இந்த ஊசி. பணியில் இருக்கும் இளம் மருத்துவர் புற்றுநோய் படித்தவராக இருக்க வேண்டியதில்லை, அட்டையைப் படித்தால் போதும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றும் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள். தொட்டுப்பார்த்துக் காய்ச்சல் சொல்வது இங்கே செல்லாது.

ஹெலிகோபாக்டர் கிருமி இருந்தால் அதையும் ஒழிக்க வேண்டும். மெதுவாக வளரும் மால்ட் லிம்போமா பல நேரம் இந்த ஆன்டிபயாடிக் சிகிச்சைக்கே அடங்கிவிடும் என்பது 1993 முதல் தெரிந்த விஷயம். ஆனால் வேகமான வகையில் அதை நம்பி கீமோவைத் தள்ளிப்போட வேண்டாம். பதினான்கு நாள் மருந்து முடித்து நான்கு வாரம் கழித்து மூச்சுச் சோதனையிலோ மலச் சோதனையிலோ கிருமி போய்விட்டதா என்று பாருங்கள்.

ஒரு பக்க அளவில் பயாப்சிப் படிவம் ஒன்றையும், காய்ச்சல் அட்டையின் மாதிரி ஒன்றையும் தமிழில் தயாரித்து இந்த மடலோடு இணைத்திருக்கிறோம். படிவத்தில் ‘டப்பாவில் போட்ட நேரம்’, ‘ஸ்டீராய்டு’, ‘லிம்போமா சந்தேகம் உண்டு / இல்லை’ என்ற மூன்று கட்டங்களைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறோம். மற்றவற்றை உங்கள் வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம், அந்த மூன்றை மட்டும் எடுத்துவிட வேண்டாம். பிளாக் எங்கே இருக்கிறது, ரிப்போர்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல மாவட்ட அளவில் ஒருவரைப் பொறுப்பாக நியமித்து, அவருடைய போன் எண்ணைப் படிவத்தின் அடியில் அச்சிட்டுத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். அதற்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
சேலத்திலும் ஏற்காட்டிலும் பணிபுரியும் இரைப்பைக் குடல், நோயியல், ரத்தப் புற்றுத் துறை மருத்துவர்கள், ஆய்வக டெக்னீஷியன்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள் சிலர்